சொந்தமாக கவுன்சலிங் அறை தொடங்குகிறேன், ஆபீஸ் வேலைகளை எப்படி ஒழுங்கு செய்வது?

கேள்வி: கம்மனஹள்ளி நித்யா

எல்லோருக்கும் வணக்கம். கவுன்சலிங் சைக்காலஜி படித்துவிட்டு இத்தனை வருடமும் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். அடுத்த மாதம் முதல் கம்மனஹள்ளியில் ஒரு அறை எடுத்து வாரத்தில் சில நாள் நேரில், மற்ற நாள் ஆன்லைனில் என்று சொந்தமாகத் தொடங்கப் போகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேராவது தமிழில் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதற்காகவே என்னைத் தேடி வருவார்கள் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையில் ஃபைல், பில், அப்பாயின்ட்மென்ட் எதையும் நான் தொட்டதில்லை, அதற்கெல்லாம் ஆள் இருந்தார்கள். இப்போது எல்லாம் என் தலையில். தம்பி ஏதோ ஒரு கிளினிக் சாஃப்ட்வேரை வாங்கு என்கிறான், கூடப் படித்தவள் எக்செல் போதும் என்கிறாள். போன் எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணி சொல்கிறார், சம்பளம்கூட வேண்டாமாம். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐடி கம்பெனி தங்கள் ஊழியர்களை அனுப்பத் தயார், ஆனால் மாதக் கடைசியில் யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலோடு பில் அனுப்பச் சொல்கிறது. அது என்னமோ உறுத்துகிறது.

முதல் நாளே எதையெல்லாம் தயாராக வைத்திருக்க வேண்டும்? எந்த சாஃப்ட்வேர்? வராமல் போனால் கட்டணம் வாங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓசூர் ரோடு

சாஃப்ட்வேரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் நித்யா. முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உங்களிடம் வரப்போகும் ஒருவருடைய பெயர் எங்கெல்லாம் போகிறது என்று எழுதிப் பாருங்கள். அவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்புகிறார், நீங்கள் எண்ணை ‘ரம்யா பேனிக்’ என்று சேமிக்கிறீர்கள், அந்த கான்டாக்ட் லிஸ்ட் கூகுள் கணக்கில் ஏறுகிறது, அதைப் படிக்க அனுமதி வாங்கிய ஆப்கள் எத்தனையோ. காலண்டரில் பெயர் போடுகிறீர்கள், அந்தக் காலண்டர் வீட்டு டேப்லெட்டிலும் திறந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பையன் அதில் கார்ட்டூன் பார்க்கிறான். அவர் யு.பி.ஐ.யில் பணம் போடும்போது குறிப்பில் ‘தெரபி’ என்று அடிக்கிறார், அது கணவரோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. எழுத எழுதப் பயமாக இருக்கும், ஆனால் நீங்கள் கேட்கும் ஒழுங்கு முழுக்க அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெயர் இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டு, வேண்டாத இடத்தில் எல்லாம் அடித்துவிடுங்கள்.

நான் செய்வது இதுதான். தொழிலுக்கென்று தனி போன், தனி சிம், தனி மின்னஞ்சல். போனிலும் காலண்டரிலும் பெயர் கிடையாது, ஒரு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு மட்டும். எந்தக் குறியீடு யாருடையது என்கிற பட்டியல் ஒரே ஒரு இடத்தில், பூட்டிய அலமாரியில். கூகுள் ஃபார்ம் வைத்து விவரம் வாங்கப் போகிறீர்கள் என்றால், பதில்களின் தொகுப்பை நிரப்பியவர்களுக்கும் காட்டும் ஒரு வசதி அதில் உண்டு, அது அணைந்திருக்கிறதா என்று இன்னொரு போனிலிருந்து நிரப்பிப் பார்த்த பிறகுதான் லிங்க்கை வெளியே விடுங்கள். ஆதார் நகல் வாங்காதீர்கள், எதற்கு அது?

அண்ணி விஷயம். நம்பிக்கையானவர் என்றே வைத்துக்கொள்வோம். கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், அல்சூர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு தெரிந்தவர்கள் என்பது உங்களுக்கே தெரியும். கோயில் திருவிழாவிலோ சர்ச்சிலோ அண்ணியைத் தினமும் பார்க்கும் ஒரு பெண், தன் விவாகரத்து யோசனையைப் பேச உங்களுக்குப் போன் செய்தால் எடுப்பது அண்ணி. அவர் ஒரு வார்த்தை வெளியே விடமாட்டார். ஆனால் அந்தப் பெண் போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிடவே மாட்டாள், உங்களுக்கும் அது தெரியப் போவதில்லை. என் கருத்து: சொந்தக்காரர்கள் வேண்டாம். சம்பளம் வேண்டாம் என்பது இன்னும் மோசம், சம்பளம் வாங்காதவரிடம் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்கவே உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆரம்பத்தில் வருகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள், நீங்களே மாலையில் அரை மணி ஒதுக்கித் திருப்பிக் கூப்பிடுங்கள்.

அப்புறம் போர்டு, விசிட்டிங் கார்டு. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருந்தால்தான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட வேண்டும், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது. உங்கள் படிப்பு கவுன்சலிங் சைக்காலஜி என்றால் அதையே போடுங்கள். வருகிறவர்கள் எப்படியும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், முதல் நாளே திருத்திவிடுவது நல்லது.

பதில்: ரிசப்ஷன் ரேவதி

நான் தெரபிஸ்ட் இல்லை, இந்திராநகர் பக்கம் மனநல கிளினிக் ஒன்றில் முன்பக்க மேசையில் உட்காருகிறவள். மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் மேசைக்கு வரும் பிரச்சினை வேறு மாதிரி.

தினமும் ஒரு போனாவது வரும். “என் மனைவி இன்றைக்கு அங்கே வந்தாளா?” “என் பையன் போன வாரம் வந்தானா, வராமலே பணம் மட்டும் வாங்கிக்கொண்டு போனானா?” குரல் ரொம்ப மரியாதையாக இருக்கும், சில சமயம் அழுகையாக இருக்கும். இதற்கு முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்: “இங்கே யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதை நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை.” கவனம், ஒரு தடவைகூட வராதவரைப் பற்றிக் கேட்டாலும் அதே வாக்கியம்தான். ‘அப்படி யாரும் இங்கே வரவில்லை’ என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால், அடுத்தவருக்குச் சொல்ல மாட்டேன் என்றதும் அதுவே பதிலாகிவிடும்.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் தீபாவளி விடுமுறையைச் சொல்வதற்காக வருகிறவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜரும் அவருடைய டீமில் வேலை பார்க்கிற பெண்ணும் ஒரே குரூப்பில். சாமி! தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும், அதிலும் ‘நாளை 5 மணி, உறுதியா?’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். போனைப் பூட்டியிருந்தாலும் திரையில் மெசேஜ் தெரியும், அதைப் பார்ப்பது மாமியாராகவும் இருக்கலாம்.

நேரம் குறிக்கும்போது ஒருவர் வெளியே போவதற்கும் அடுத்தவர் உள்ளே வருவதற்கும் கால் மணி இடைவெளி விடுங்கள். ஒரே அறை, ஒரே வாசல் என்றால் இது ரொம்ப முக்கியம். வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடும் ரெஜிஸ்டர் வைக்கவே வைக்காதீர்கள், அடுத்து வருகிறவர் மேலே உள்ள பெயர்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்ததில்லை. உங்கள் அறை அபார்ட்மென்ட்டுக்குள் இருந்தால் செக்யூரிட்டி ஆப்பில் பெயர், போன் எண், போட்டோ எல்லாம் ஏறும், எந்த ஃபிளாட்டுக்கு என்பதும் சேர்த்து. அதை வருகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சிலர் அதற்காகவே ஆன்லைனுக்கு மாறிக்கொள்வார்கள்.

கூகுள் மேப்பில் யாராவது மோசமாக ரிவ்யூ போட்டால் பதில் போடக் கை துறுதுறுக்கும். ‘உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம்’ என்று போட்டாலே அவர் இங்கே வந்தவர் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. நல்ல ரிவ்யூ போடச் சொல்லிக் கேட்பதும் அதே கணக்குதான்.

பதில்: கம்மனஹள்ளி நித்யா

ரொம்ப நன்றி. அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது பெரிய கவலை, அவர் புது டைரி வேறு வாங்கி வைத்திருக்கிறார். கம்பெனிப் பட்டியல் பற்றி யாராவது சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், பணம் கட்டுவது பெற்றோர், அப்போது என்ன செய்வது?

பதில்: கணக்கன் 560043

ஆடிட்டர் ஆபீஸில் வேலை, டாக்டர்கள் சிலருடைய கணக்கைப் பார்க்கிறேன். கம்பெனிக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டிய அவசியம் வரிச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. ‘இந்த மாதம் 11 அமர்வு, அமர்வுக்கு இவ்வளவு’ என்று பில் போட்டால் போதும். அவர்கள் நம்ப மாட்டேன் என்றால் ஊழியர்களுக்கு கம்பெனியே ஒரு எண் கொடுக்கட்டும், நீங்கள் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். இதை ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள், பிறகு எச்.ஆர். மாறிப் புது ஆள் வந்து கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் இருக்கும். ஒப்பந்தத்துக்கு ஒத்துவராத கம்பெனியை விட்டுவிடுவதே மேல், ஊழியர்களுக்கு விஷயம் தெரிந்தால் யாரும் வரப் போவதில்லை, உங்கள் பெயரும் கெடும். பணம் கொடுக்கும்போது 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரி ரிட்டர்னில் எடுத்துக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி. பற்றி. வருடத்துக்கு 20 லட்சம் தாண்டும்வரை பதிவே வேண்டாம். மருத்துவச் சிகிச்சைக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் கம்பெனியில் போய் நடத்தும் ‘ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்’ பயிற்சி வகுப்பு சிகிச்சை ஆகாது, பதிவு எடுத்த பிறகு அதற்கு 18% போட வேண்டியிருக்கும். இரண்டையும் முதல் மாதத்திலிருந்தே தனித்தனியாக எழுதுங்கள், பிறகு பிரிப்பது நரக வேலை.

கணக்கைப் பார்க்கும் எங்களுக்கு பில் எண், தேதி, தொகை தெரிந்தால் போதும். யார் எதற்காக வந்தார் என்பது வேண்டவே வேண்டாம், கேட்டாலும் கொடுக்காதீர்கள். பில்லில் ‘டிப்ரஷனுக்கான சிகிச்சை’ என்று எழுதாதீர்கள், ‘ஆலோசனை அமர்வு’ போதும். இன்சூரன்ஸ் கிளெய்முக்கு நோயின் பெயர் தேவைப்பட்டால் அவரே கேட்பார், அப்போது அவர் கையில் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். அமர்வுக் குறிப்பும் பில்லும் ஒரே ஃபைலில் இருக்கக் கூடாது, வரி நோட்டீஸ் வந்தால் ஃபைலைத் தூக்கிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம்.

பதில்: பி.டி.எம். வாசி

தெரபிக்குப் போகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வராமல் போனால் கட்டணம் வாங்குங்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை, உங்கள் ஒரு மணி நேரம் வீணாகிறது. ஆனால் முதல் தடவை வருவதற்கு முன்பே, என் மொழியில், எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் முன்பு போன இடத்தில் பன்னிரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் ஏழாவது பக்கத்தில் இருந்தது அந்த விதி. சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கில் சிக்கி இருபது நிமிடம் தாமதமாகப் போனபோதுதான் தெரிந்தது, அன்றைக்கு முழுக் கட்டணம், பேச்சு கால் மணி. அன்று உட்கார்ந்து பேச எனக்கு மனமே வரவில்லை. பெங்களூரில் தாமதம் என்பது ஒழுக்கக் குறைவு இல்லை, ஊர் அப்படி. கிளம்பும்போதே டிராஃபிக்கைப் பார்த்து மெசேஜ் போட்டால் ஆன்லைனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று, கட்டணச் சலுகை. முடியாதவர்களுக்குக் குறைப்பேன் என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் கேட்பவன்தான் கூனிக் குறுக வேண்டியிருக்கிறது. ஃபார்மிலேயே இரண்டு மூன்று கட்டணங்களை எழுதி, உங்களுக்கு முடிந்ததைத் தேர்ந்தெடுங்கள் என்று விட்டுவிடுங்கள், சம்பளச் சீட்டு கேட்காதீர்கள்.

பதில்: ஜெயநகர் ஜோசப்

எல்லோரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்துகிறீர்கள். இப்படி மறைத்து மறைத்து வைத்தால் மனநலம் என்றாலே ஏதோ வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பது போல ஆகாதா? பல் டாக்டர் யாராவது நோயாளி பெயரைக் குறியீட்டில் எழுதுகிறாரா? ஒரு பீரோ, ஒரு பூட்டு, நல்ல மனசு. நம் ஊரில் பல நல்ல டாக்டர்கள் இதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினார்கள்.

பதில்: ஓசூர் ரோடு

ஜோசப் சார், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நானும் சொல்கிறேன், ஆனால் அதை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது வருகிறவருடைய முடிவு, என்னுடையது இல்லை. சிலர் ஸ்டேட்டஸே போடுகிறார்கள், சந்தோஷம். எங்கள் முதல் ஃபார்மில் ஒரு கேள்வி உண்டு: உங்களை எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? ‘எதுவும் சொல்லலாம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு, ‘டியூஷன் டீச்சர் என்று சொல்லுங்கள்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பொய் சொல்ல மாட்டேன், என் பெயரை மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன் என்பேன். பீரோவும் பூட்டும் எனக்கும் பிடிக்கும், காகிதம் ஹேக் ஆகாது. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதை நம் கடமையாகவே வைத்திருக்கிறது, மனசைப் பொறுத்த விஷயம் இல்லை அது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். ஆகவே நித்யா, அந்த ஒப்புதல் தாளை இரண்டு பக்கத்துக்குள், தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் தயார் செய்யுங்கள். ரகசியம் எப்போது உடையும் என்பதைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள்: உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு.

பிள்ளைகள் கேட்டீர்கள். முதல் சந்திப்பில் பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்து, பெற்றோருக்கு என்ன சொல்வேன், என்ன சொல்ல மாட்டேன் என்பதை இருவர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். பணம் கட்டுவதால் பிள்ளை பேசியது எல்லாம் கையில் வந்துவிடாது என்பதைப் பெற்றோர் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. ஒன்று மட்டும் விதிவிலக்கு: 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் நமக்கே 6 மாதம்வரை சிறை. இதை அந்தத் தாளிலும் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைக் கேள்விப்படுகிற பிள்ளை நம்மை மன்னிக்காது.

குறிப்பு எழுதுவது பற்றி இங்கே யாரும் பேசவில்லை. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இருக்கிற மாதிரியான சட்டப் பாதுகாப்பு நம் குறிப்புகளுக்கு இல்லை, குடும்ப நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டி வரலாம். வருகிறவரும் அதே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி தன் மருத்துவப் பதிவைக் கேட்கலாம். ஆகவே ‘கணவர் நார்சிசிஸ்ட்’ என்று எழுதாதீர்கள், அவரை நீங்கள் பார்த்ததுகூட இல்லை. ‘தன் சம்பளத்தைக் கணவர் வாங்கிக்கொள்வதாக மனைவி சொன்னார்’ என்று எழுதுங்கள். தம்பதியாக வருகிறவர்களுக்கு ஒரே ஃபைலா, இரண்டா என்பதை முன்பே முடிவு செய்து இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், பிரிந்த பிறகு ஒருவர் மட்டும் வந்து ஃபைலைக் கேட்கும் நாள் வரும். சம்மன் வந்தால் முதலில் வக்கீல், குறிப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள்.

ராத்திரி நீங்கள் போன் எடுக்க மாட்டீர்கள் என்பதையும் வெளிப்படையாக எழுதி, பக்கத்திலேயே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, நிமான்ஸ் மருத்துவமனையின் 24 மணி நேர அவசரப் பிரிவு இரண்டையும் போடுங்கள். உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பூட்டிய அலமாரியை யார் திறப்பது என்று சக தெரபிஸ்ட் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் வேண்டாம்.

பதில்: கம்மனஹள்ளி நித்யா

இந்தக் கடைசி விஷயம் என் மனதில் வரவே இல்லை, கூடப் படித்தவளிடம் இன்றே கேட்கிறேன், அவளுடையதுக்கு நான், என்னுடையதுக்கு அவள். கம்பெனிக்கு எண் முறையைச் சொல்லி மெயில் போட்டுவிட்டேன், பதில் வரவில்லை. அண்ணியிடமும் பேசியாயிற்று, ஒரு நாள் முகம் தூக்கி வைத்திருந்தார், பரவாயில்லை. அறைக்குத் திரை தைப்பது, தண்ணீர் ஃபில்டர் பார்ப்பது அவர் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது.

பதில்: ரிசப்ஷன் ரேவதி

போர்டு எழுதக் கொடுப்பதற்கு முன் ஒன்று. 2024 திருத்தத்துக்குப் பிறகு கர்நாடகாவில் கடை போர்டில் 60% கன்னடம் இருக்க வேண்டும், கவுன்சலிங் சென்டருக்கும் சேர்த்துத்தான். எங்கள் இடத்தில் எழுதி முடித்த பிறகு திருப்பி எழுத வேண்டியதாயிற்று. பெயரைப் பொதுவாக வையுங்கள், ‘மனநல’ என்று பெரிசாகப் போட்டால் படியேறத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள், யு.பி.ஐ. க்யூஆரிலும் அதே பெயர்தான் வந்து நிற்கும்.

பதில்: கம்மனஹள்ளி நித்யா

ஐயோ, போர்டு நேற்றுத்தான் கொடுத்தேன். பெயின்டருக்குப் போன் போடுகிறேன்.